சராசரி மூக்கு

கிரைன் டிங்கமான்ஸேவுக்கு அந்த வேலை கிடைத்தது மூக்கால். கெட்டிக்கார மூக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஹாலந்துத் துறைமுகம் ஒன்றின் அலுவலகத்தில் ஓர் அறையில் உட்காரவைத்து, வாசனை ஏற்றிய பேனா மாதிரிக் குச்சிகளை ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே நீட்டினார்கள். ரொம்பக் கூர்மையாக மோப்பம் பிடித்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றுமே தெரியாதவர்களையும் அனுப்பினார்கள். ஊரில் சாதாரண மனிதனுக்கு எது நாறுமோ அது நாற வேண்டும், அவ்வளவுதான் தகுதி. கிரைன் அதில் தேறிவிட்டான்.

"என் மூக்கு ரொம்பச் சாதாரணமாம், யாகோ. அதுக்குத்தான் வேலையே" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான்.

"இதைக் கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொல்லிட்டிருக்கேன். எனக்கு எவன் சம்பளம் குடுத்தான்?" என்றாள் யாகோமின். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழாமல் என்ன செய்வாள்? துறைமுகத்து எண்ணெய்த் தொட்டியின் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனபின், இரண்டு குளிர்காலம் அந்த மனுஷன் சோபாவில் கிடந்தான். அந்தத் தெருவில் யாரும் ஜன்னல் திரையை இழுத்து மூட மாட்டார்கள். மூடினால் அது சாவு விழுந்த வீடு. அதனால் போகிறவர் வருகிறவர் எல்லாம் அவன் கிடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் போனார்கள். கையை வேறு ஆட்டினார்கள். அவனும் படுத்தபடியே பதிலுக்கு ஆட்டினான். அதை நினைத்தால் இப்போதும் அவனுக்கு உடம்பு கூசும். மறுபடி அந்தச் சோபாவுக்குப் போவதைவிடச் செத்துப்போகலாம் என்று யாகோமினிடம் ஒருமுறை சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

துறைமுகத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவள் மார்லூஸ். சுற்றுச்சூழல் மேலாளர் என்று வந்த சின்ன வயதுப் பெண். அவள் வருவதற்கு முன், நாற்றம் தாங்கவில்லை என்று யாராவது போன் செய்தால் வாசல் காவலாளி எடுப்பார். "துறைமுகத்துலேர்ந்து பின்ன பூ வாசமா வரும்?" என்று கேட்டு வைத்துவிடுவார். மார்லூஸ் வந்து ஒரு முறையை ஏற்படுத்தினாள். தூசிக்கு ஓர் ஆள், கழிவுநீருக்கு ஓர் ஆள், சத்தத்துக்கு ஓர் ஆள், நாற்றத்துக்குக் கிரைன். எந்தப் புகார் வந்தாலும் உடனே ஆள் போக வேண்டும், பதில் சொல்ல வேண்டும், முடித்துவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து தணிக்கைக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். புகார் குறைந்துகொண்டே வந்தால் சான்றிதழ். நல்ல ஏற்பாடுதான், பொய் சொல்வானேன்.

புகார் வந்ததும் கிரைன் சைக்கிளில் போவான். காற்றுக்கு எதிரே நின்று, வாயை மூடி, மூச்சை இழுப்பான். நாற்றம் இருக்கிறது என்று அவன் சொன்னால் கருவிகளோடு வண்டி வரும், சரிபார்க்க இன்னொரு மூக்கு வரும், தொட்டிக் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு மூடி மூடியாகச் சோதிப்பார்கள். இல்லை என்று சொன்னால் புகார் அத்தோடு முடிந்தது. இல்லை என்பதைச் சரிபார்க்க யாரும் வருவதில்லை. அவ்வளவு யோசித்து ஒரு முறையைக் கட்டியவர்களுக்கு இது மட்டும் தோன்றாமல் போய்விட்டது.

அதிகமாகப் போன் செய்தவர் நேல்ச்சே டீச்சர். கடலணைத் தெருவின் கடைசி வீடு, தொட்டிகளுக்கு நேர் எதிரே. கணவர் போய்விட்டார், மகன் வெளியூரில். ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த அம்மா அவர். தண்ணீரில் தவறி விழுந்தாலும் பிழைக்கத் தெரிய வேண்டும் என்று, கிரைனைச் சின்ன வயதில் சட்டை, கால்சட்டை, பூட்ஸோடு குளத்தில் குதிக்கவைத்து, "கண்ணைத் திறடா! அடியில என்ன இருக்குன்னு பாருடா!" என்று கரையில் நின்று கத்தியவர்.

"அழுகின முட்டைக்கோஸ் நாத்தம்டா. மண்டையைப் பிளக்குது. நீயே மோந்து பாரு" என்பார். மோந்து பார்ப்பான், இருக்கும். இப்படி இருவருமாகச் சேர்ந்து ஒருமுறை சரியாக மூடாத தொட்டி ஒன்றையே பிடித்துக்கொடுத்தார்கள். அன்று டீச்சர் சுருள் இனிப்பு ரொட்டி வாங்கி வந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். விரலெல்லாம் பாகும் பட்டை வாசனையுமாகக் கிரைன் வீட்டுக்குப் போனான். முதுகு அன்று வலிக்கவே இல்லை.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் எழுந்துவிட்டான். எழுந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, யாகோமின் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள்.

"பால் தீய்ஞ்சு மாடி வரைக்கும் நாறுது! பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு என்னய்யா பண்றே? மூக்கை எங்கயாவது அடகு வெச்சுட்டியா?"

கிரைன் எழுந்து போய்க் கருகிய பாத்திரத்தின் மேல் குனிந்து மோந்தான். ஒன்றுமில்லை. காபிப் பொடி டப்பாவைத் திறந்தான். ஒன்றுமில்லை. வினிகர் பாட்டிலைத் திறந்து மூக்கிலேயே வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாசனை வரவில்லை.

யாகோமினின் முகம் மாறிவிட்டது. "சளி போனா வந்துரும்" என்றாள். சளி போயிற்று, வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இதைச் சொல்லவா அந்த ஆள் அவ்வளவு படித்தார்!

"அவங்ககிட்ட சொல்லிரு" என்றாள் யாகோமின்.

"சொல்லிட்டு? மறுபடி சோபாவா?"



முதல் புகார் டீச்சரிடமிருந்தே வந்தது. கிரைன் போய்க் காற்றுக்கு எதிரே நின்றான். கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டீச்சர் வாசல் கதவருகே நின்றார்.

"என்னடா, இன்னிக்குத் தாங்கவே முடியல இல்ல?"

இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால் இன்னொரு மூக்கு வரும். அது இல்லை என்றுவிட்டால்? இரண்டு தடவை அப்படி ஆனால் மறுபடி அந்தக் குச்சிகளை எடுத்துவந்து நீட்டுவார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, டீச்சர்."

டீச்சர் அவனைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார். "காத்து மாறிடுச்சோ என்னமோ. உன்னை வீணா அலைய விட்டுட்டேன்" என்றார். அவனைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் கொடுமை.

ஒருமுறை சொன்னது பிறகு வழக்கமாயிற்று. மழையிலும் பனியிலும் கிரைன் போனான், நின்றான், இல்லை என்றான். "டீச்சர் மூக்குக்குன்னு தனியா ஒரு காத்து அடிக்குதுப்பா" என்று கடலணைத் தெருவில் கேலி கிளம்பியது. அதே தெருவில் தலைவலியோடு இருந்த மற்றவர்கள், நமக்கேன் இந்தப் பெயர் என்று போனைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். புகார் மளமளவென்று குறைந்தது. மார்லூஸின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

இரண்டாவது வருஷம் ஒரு நாள் டீச்சர் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"டேய், நெஜமாவே ஒண்ணும் வரலியா? எங்க அக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. இல்லாத நாத்தமெல்லாம் வருதும்பா. அப்புறம் எம் பேரையே மறந்துட்டா."

கிரைன் பாவி, அன்றும் இல்லை டீச்சர் என்றுதான் சொன்னான்.

அதற்குப்பின் அவனுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. தணிக்கைக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் மார்லூஸின் அறைக்குப் போய் நின்றான்.

"எனக்கு மோப்பமே கிடையாது, மார்லூஸ். அந்தக் காய்ச்சலோட போயிடுச்சு. டீச்சர் சொன்னதெல்லாம் நெஜமா இருந்திருக்கும்."

மார்லூஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "காய்ச்சல்னா? ரெண்டு வருஷமாவா?"

"ஆமா."

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கெட்டவள் இல்லை அவள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"இது வெளியில தெரிஞ்சா சான்றிதழ் போச்சு, கிரைன். ஏற்கனவே மேல இருக்கறவங்க செலவு செலவுன்னு முணுமுணுக்கறாங்க. இதான் சாக்குன்னு மொத்த முறையையும் தூக்கிக் கடல்ல போட்டுருவாங்க. தூசி, கழிவுநீர், எல்லாமே போகும். மறுபடி அந்தக் காவலாளிதான் போனை எடுப்பார். இதுக்காகவா நான் இத்தனை வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டேன்?"

"அப்ப டீச்சருக்கு என்ன சொல்றது?"

"தணிக்கை முடியட்டும். உங்களுக்கு முதுகு முடியலன்னு சொல்லி வேற ஆளைப் போட்டுடறேன். இப்போ நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லல. நானும் எதுவும் கேக்கல."

தணிக்கை முடிந்தது. "ஹாலந்து முழுக்கச் சுத்தியிருக்கேன், நாத்தப் புகார் இவ்வளவு கொறைஞ்ச துறைமுகத்தைப் பாத்ததில்ல" என்று வந்தவர்களில் ஒருவர் கிரைனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சான்றிதழ் வந்த அன்று அலுவலகத்தில் அதே சுருள் ரொட்டி. கிரைன் ஒரு கடி கடித்தான். ஈரத் துணியை மெல்வது போல இருந்தது. பாதியில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான். சோபாவாவது மண்ணாவது, இன்றைக்கு டீச்சரிடம் சொல்லியே தீர்வது என்று மிதித்தான்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. அந்தக் குளிரிலும் தொட்டிகளைப் பார்த்த ஜன்னல் அகலத் திறந்திருந்தது. டீச்சர் கோட்டைப் போட்டுக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"வாடா. வீட்டை வித்தாச்சு. மகன் ஊர்ல ஒரு இல்லம் இருக்காம், மறதிக்காரங்களுக்குன்னே. நல்லா பாத்துக்குவாங்களாம்."

கிரைன் உட்காரவில்லை. "டீச்சர், எம் மூக்கு வேலை செய்யல. ரெண்டு வருஷமாச்சு. நாத்தம் இருந்துச்சு, உங்களுக்குத்தான் சரியாத் தெரிஞ்சுது. உங்க தலையில ஒரு கோளாறும் இல்ல. பொய் சொன்னதெல்லாம் நான்தான்."

டீச்சர் வெடுக்கென்று நிமிர்ந்தார். குளத்தங்கரையில் நின்று கத்திய அந்தப் பழைய முகம் ஒரு கணம் வந்தது. அறையட்டும், செருப்பால் அடிக்கட்டும் என்று கிரைன் நின்றான். ஆனால் அந்த முகம் தளர்ந்தது, சிரித்தது. அவன் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தார்.

"கிழவி மனசு நோகக் கூடாதுன்னு இவ்வளவு தூரம் வந்தியா? சின்னப் பிள்ளையிலேயே உனக்குப் பொய் சொல்ல வராதுடா. எத்தனை மழையில உன்னை அலைய விட்டேன். மன்னிச்சுக்க."

"ஐயோ, சத்தியமா டீச்சர்! யாகோவை வேணாக் கேளுங்க!"

"அவளும் நல்ல பொண்ணு, நீ சொல்றதைத்தான் சொல்லுவா. பேப்பர்லயே போட்டுட்டானே, வெளியாளுங்க வந்து பாத்து எல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்கன்னு. போதும் விடு."

வேறெதுவும் செய்யத் தோன்றாமல் கிரைன் ஜன்னலை மூடப் போனான்.

"மூடாதே" என்றார் டீச்சர். "மூட மூட அந்த நெனப்பு பலமாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். திறந்து வெச்சுப் பழகணுமாம். இல்லாத நாத்தத்துக்கு எதுக்குடா ஜன்னலை மூடணும்?"

சொல்லிவிட்டு, பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி மூச்சை ஆழமாக இழுத்தார். நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தார். ஜன்னல் பிடியில் வைத்த கையை எடுக்காமல் கிரைன் நின்றான். தொட்டிகளின் பக்கமிருந்து காற்று நேரே அவன் முகத்தில் அடித்தது. அவனுக்குக் குளிர் மட்டும்தான் தெரிந்தது.