மூன்று கட்டத்தில் இழவு

அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகை என்றால் குறுக்கெழுத்துப் போட்டி இருந்தே ஆகவேண்டும். நாங்கள் வாங்கிய பத்திரிகையில் பதினெட்டுச் சொற்கள், எழுபத்திரண்டு கட்டங்கள். சில வாரம் அச்சு மை ஊறி இரண்டு மூன்று கட்டம் கறுத்திருக்கும். அதற்கும் நான் கவலைப்படுவேன்.

கல்யாணமாகி எட்டு மாதம். காலடிப்பேட்டையில் குடித்தனம், ராயபுரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் குமாஸ்தா வேலை. மனைவி காலடிப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள். உலை கொதிப்பதற்குள் பதினெட்டுச் சொல்லையும் பென்சிலால் நிரப்பிவிடுவாள். அப்புறம் நான் அகராதியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லின் பூர்வீகத்தையும் விசாரித்து, திருப்தியானால்தான் மையில் எழுதுவேன்.

“சாவி போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த சொல். அலமாரியும் அப்படித்தான்,” என்பேன்.

“கப்பல்ல வந்தா இன்னா, நடந்து வந்தா இன்னா? கட்டத்துல ஒக்காந்துச்சா, அத்தப் பாருங்க.”

அந்த வாரம் பதினேழு சொற்களில் தகராறு இல்லை. பதினெட்டாவது, வேறு எந்தச் சொல்லோடும் ஒட்டாமல் மூலையில் தனியாகக் கிடந்தது. போட்டி நடத்துகிறவர்களின் தந்திரம் அது. குறிப்பு: ‘இது வந்தால் மீனவர் கடலுக்குப் போகமாட்டார்.’ மூன்றெழுத்து. அவள் ‘புயல்’ என்று எழுதியிருந்தாள்.

பழைய நூல்களில் புயல் என்றால் மேகம். மேகத்துக்கா மீனவன் பயப்படுவான்? சந்தேகம் வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் திருவொற்றியூர்க் குப்பத்துக்கு நடந்தேன். கரையில் ஏழு கட்டுமரங்கள், நான்கு பேர். அவர்களில் மூத்தவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். குறிப்பைப் படித்துக் காட்டினேன்.

“புயலா?” என்று சிரித்தார். “புயல்ல நான் எத்தினி வாட்டி போயிகிறேன் தெரியுமா நைனா? அலை பனமர ஒசரம். ஆனா குப்பத்துல ஒரு எழவு வுயுந்துச்சின்னு வெச்சிக்க, பொணம் எடுக்கிற வரிக்கும் ஒருத்தன் மரத்தத் தள்ளமாட்டான். அது கட்டுப்பாடு.”

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். இழவு! மூன்றெழுத்து. இழப்பு என்பதுதான் அதன் முதல் பொருள், சாவு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பூர்வீகமும் சுத்தம், நான்கு சாட்சியும் ஆயிற்று. வீட்டுக்கு வந்து பென்சிலை அழித்துவிட்டு மையில் ‘இழவு’ என்று எழுதினேன்.

மனைவி கூப்பனைப் பார்த்தாள். “பரிசுப் போட்டியில போயி யாராவது எழவு எழுதுவாங்களா?”

“நான்கு பேர் சொன்னார்கள்.”

“சரி. தப்பாப் போச்சின்னா ஒரு மாசம் தெருக்கொழாயில நீங்கதான் தண்ணி எடுக்கணும். தோள்ல வெக்கக் கூடாது. இடுப்புல.”

எங்கள் தெருக் குழாயில் தினம் பன்னிரண்டு வீட்டுக் குடம் நிற்கும், பன்னிரண்டும் பெண்கள். சட்டை போட்ட ஆண்பிள்ளை எவனும் அந்த வரிசையில் நின்றதில்லை. முதல் பரிசு ரேடியோ என்பதே எனக்கு மறந்துபோயிற்று. விடை வரும்வரை பத்து நாளும் குடம்தான் கண்ணுக்குள் நின்றது.

விடை வந்தது. புயல். பதினேழு சரி, ஒன்று தவறு. மனைவி எழுந்து போனாள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வாசலில் வைத்தாள்.

அன்றே பத்திரிகைக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். பதில் கடைசிவரை வரவில்லை.

விடை வந்த மறுநாள் காலையே வரிசையில் எட்டாவதாக நின்றேன். குடம் இடுப்பில் நிற்கவில்லை. ஆண்களுக்கு அந்த இடத்தில் பிடிமானம் கிடையாது என்பதை எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மீன் கூடையோடு வந்த அம்மாள் ஒருத்தி மட்டும் மூடவில்லை.

“இன்னா குமாஸ்தா, வூட்ல சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லியா?”

காரணத்தைச் சொன்னேன். வலை பிரித்த பெரியவரின் அடையாளத்தையும் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஐய, அது எங்க வூட்டுக்காரருதான்! புயல்ல போனாராமா? நாலு தூத்தல் வுயுந்தா போர்வய இழுத்துப் போத்திகினு கஞ்சி கேக்கற ஆளு!”

“அப்படியானால் இழவு சமாசாரம்?”

“அது நெசம். எழவு வுயுந்தா யாரும் போவ மாட்டாங்க. இவரு கண்ணாலம்னாலும் கடலுக்குப் போவ மாட்டாரு, காத்தடிச்சாலும் போவ மாட்டாரு. தலய வலிச்சாலும் போவ மாட்டாரு. அல்லாத்தையும் எயுத கட்டம் கீதா உன்னாண்ட?”

வரிசை மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அதில் குடம் வழுக்கி வேட்டி நனைந்தது.

ஏழு நடை நடந்து வீட்டு அண்டாவில் ஊற்றிவிட்டு, “ஏழு குடம்” என்றேன். மனைவி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஆறே முக்கால்,” என்றாள். “போயி மிச்சத்தக் கொண்டாங்க.”