லேட் ஜாவ்!

தோளில் கயிறு அறுத்த இடத்தில் வியர்வை இறங்கினால் சுருக்கென்று எரியும். அந்தக் குளிரிலும் வியர்க்குமா என்று கேட்பீர்கள். குண்டுப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறிப் பாருங்கள், தெரியும்...

தொண்ணூற்றொன்பது, கார்கில் சண்டை நேரம். நான் பயனியர் படையில் சாதாரண சிப்பாய். ரோடு போடுவது, பள்ளம் வெட்டுவது, மேலே சண்டை போடுகிறவர்களுக்குக் குண்டும் தண்ணீரும் சுமப்பது, இதுதான் வேலை. லீவில் திண்டிவனம் வந்தால், "இன்னாடா, துப்பாக்கி புடிக்கிறியா, மூட்ட தூக்கிக்கினு கீறியா?" என்று சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூட்டை போய்ச் சேராவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புதானே!

கம்பெனியில் என் ஊர்ப்பக்கத்து ஆள் ஏழுமலை ஒருவன்தான். அவனுக்கு ஊர் காணை, எனக்குப் பெருமுக்கல். வீட்டிலிருந்து வந்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தபடியே தின்போம்.

ஏறும் வழியில் ஒரு வளைவு. எதிரியின் கண்ணுக்கு நேராகத் தெரியும் இடம். அதைத் தாண்டும்வரை மல்லாட்டையைக்கூடத் தொட மாட்டோம்.

அன்று விடியற்காலை ஏழுமலை வளைவைக் கடந்து பாறை மறைவுக்குப் போய்விட்டான். நான் நடுவில். எனக்குப் பின்னால் வடநாட்டு ஹவில்தார்.

விசில் மாதிரி ஒரு சத்தம்...

"லேட் ஜாவ்! லேட்!" என்று கத்தினார் ஹவில்தார்.

இந்தியில் அதற்குப் 'படுத்துக்கொள்' என்று அர்த்தம். ட்ரெயினிங்கில் எத்தனையோ முறை அந்தச் சொல்லுக்கு மண்ணில் விழுந்திருக்கிறேன். ஆனால் பயத்தில் காது தமிழில்தான் கேட்கும் போல. எனக்குக் கேட்டது நம் ஊர் 'லேட்டு'. லேட்டாகிவிட்டது, ஓடு என்கிறார் என்று பெட்டியோடு ஓட ஆரம்பித்தேன்!

முதல் குண்டு கீழே சரிவில் வெடித்தது. அடுத்த விசில்... ஹவில்தார் கத்தக் கத்த நான் இன்னும் வேகமாக ஓடுகிறேன்.

மறைவில் பத்திரமாக இருந்த ஏழுமலை வெளியே வந்தான். முழு ஆளாக நிமிர்ந்து நின்றான்.

"படுடா சேகரு! டேய், படுடா!"

பொத்தென்று விழுந்தேன். அவன் விழுவதற்குள் வெடித்துவிட்டது.

புழுதி அடங்கியதும் தவழ்ந்து போனேன். அவன் காதுகளில் ரத்தம். என் வாயையே பார்த்தான்.

"இன்னாடா முணுமுணுக்கிற? சத்தமா சொல்லேன்" என்றான்.

நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தேன்...

இருவரும் பென்ஷனில் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது என் கதை தலைகீழ். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாராவது "வண்டி லேட்டு" என்றால் போதும், முட்டி தானாக மடங்குகிறது. அன்று கேட்க வேண்டிய இந்தி இன்று கேட்டு என்ன பிரயோஜனம்!

போன மாதம் காணை போயிருந்தேன். ஏழுமலைக்குக் காது மெஷின் உண்டு, ஆனால் ஐயா மாட்டிக்கொள்ள மாட்டார். சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.

"கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லுங்கண்ணா. நான் கத்துறது எங்க கேக்குது அவருக்கு" என்றாள் அவன் மனைவி.

காதருகே குனிந்து, "படுடா!" என்றேன்.

கண்ணைத் திறந்தான். கேட்டதோ, வாயசைவைப் பார்த்தானோ...

"மொதல்ல நீ படுடா சேகரு" என்றான்.