வெள்ளைக்காரன் வேஷமும் குல்னா கொடியும்

மற்ற மாதங்களில் சரித்திர டீச்சரை யாரும் தேட மாட்டார்கள். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் வாட்ச்மேன் முதல் தலைமை ஆசிரியை வரை தேடுவார்கள். கல்கத்தாவில், பெஹாலாவில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக சுதந்திர தின விழா என் தலையில்தான். உங்கள் பள்ளியிலும் இப்படி ஒருவர் இருப்பார். அது நீங்களேதான் என்றால், நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

உங்க பக்கத்துல எல்லாம்

சர்மிளாதி, அதாவது சர்மிளா அக்கா, பூகோள டீச்சர். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலி. ஒரு வருஷம் வராந்தாவில் சுதந்திரப் போராட்டச் சார்ட்டுகள் ஒட்டினோம். பத்தும் வங்காளத்துக் கதை. பதினொன்றாவதாக நான் ஒன்று எழுதினேன்: தூத்துக்குடியில் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டது, அப்படி விட்டவரைச் சிறையில் செக்கிழுக்க வைத்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஹவுராவில் ரயில்வே வேலை பார்த்த என் அப்பா எனக்குச் சொன்ன கதை அது.

சர்மிளாதி டீயும் கையுமாக நின்று முழுதும் படித்தாள். நல்ல மனுஷி, எனக்கு ஜுரம் வந்தால் என் வகுப்புகளையும் சேர்த்து எடுப்பவள். படித்துவிட்டு உண்மையான வியப்போடு சொன்னாள்: "நிஜமாவா? உங்க பக்கத்துல எல்லாம் சுதந்திரம் சும்மாவே கிடைச்சதுன்னு இவ்வளவு நாள் நெனச்சிட்டிருந்தேன்."

மூணு வருஷமா என் பொண்ணுதான்

விழா நாடகத்தில் வெள்ளைக்கார அதிகாரி வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காது. கேட்டால் குழந்தைகள் அழும், அம்மாக்கள் போன் செய்வார்கள். சபீனா அழவில்லை. அவள் வீட்டிலிருந்து போனும் வரவில்லை. அதனால் ஐந்தாம் வகுப்பு, ஆறு, ஏழு என்று மூன்று வருஷமும் தொப்பியையும் சாட்டையையும் அவளிடமே கொடுத்தேன்.

எட்டாம் வகுப்பில் ஒத்திகை தொடங்கிய அன்று அவள் அம்மா வந்தார். வீட்டில் தையல் வேலை செய்பவர். புடவையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மூணு வருஷமா என் பொண்ணுதான் வெள்ளைக்காரன். கொடி பிடிக்கிற வரிசையில கடைசியா நின்னாக்கூடப் போதும், டீச்சர்" என்றார். அழாத குழந்தையாகப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அன்றுவரை யோசித்ததில்லை.

சபீனாவைக் கொடி வரிசையில், கடைசியில் அல்ல, நடுவில் நிறுத்தினேன். அதிகாரிக்கு யாரும் கிடைக்காததால் அந்த வசனங்களை நானே திரைக்குப் பின்னால் நின்று கத்தினேன். விழா முடிந்ததும் அவள் அம்மா போனில் எடுத்த படத்தைக் காட்டினார். "இதை வீட்ல மாட்டலாம் டீச்சர். மத்த மூணும் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

மூன்று நாள் கொடி

சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு, பள்ளிக்குப் பின்னால் அகதிகள் காலனியில் இருந்த நிர்மல்பாபுவைப் பேசக் கூப்பிட்டேன். வயது எண்பத்தைந்து. பேச வேண்டியதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, நீளவாக்கில் மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

நாற்பத்தேழில் அவருக்குப் பத்து வயது. ஊர் குல்னா, இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் பதினைந்து அன்று அவர் பள்ளியில் மூவர்ணக் கொடி ஏறியது. முன்வரிசையில் நின்று பாடினாராம். இரண்டு நாள் கழித்துத்தான் எல்லைக்கோடு எங்கே போகிறதென்று அறிவித்தார்கள். குல்னா பாகிஸ்தான் பக்கம் போயிருந்தது. "மூணாம் நாள் டிரில் மாஸ்டர் கொடியை இறக்க வந்தார். எங்களுக்கு விவரம் தெரியாது, கொடியைப் பார்த்ததும் பாட ஆரம்பிச்சிட்டோம்..." என்று அவர் சொல்லும்போது வாசலில் சிறப்பு விருந்தினரான வார்டு தலைவரின் கார் வந்து நின்றது. தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் பேண்டு வாத்தியக் குழுவைப் பார்த்துக் கையசைத்தேன். டிரம் முழங்கியது. நிர்மல்பாபு இன்னும் இரண்டு வார்த்தை பேசினார், யாருக்கும் கேட்கவில்லை. நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதனாலென்னம்மா, அன்னைக்கும் பாதிப் பாட்டுலதான் நிறுத்தச் சொன்னாங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பெரியப்பா முறை வைத்து, "மேஷோமஷாய், என் வகுப்புக்கு வாங்க, நாள் சொல்றேன், முழுசா சொல்லலாம்" என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு தேர்வு வந்தது. துர்கா பூஜை லீவு வந்தது. திறந்ததும் பாடம் முடிக்கும் அவசரம். நடந்தால் நான்கு நிமிஷ தூரம்தான், போகவில்லை.

ஜனவரியில் அவர் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது மருமகள் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கோபமாக இல்லை, தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னாள்: "தினமும் குளிச்சு ஜிப்பா மாத்தினதும் இதை எடுத்துப் பையில வச்சுக்குவார், உங்க பள்ளிக்கூடத்திலிருந்து எந்த நேரமும் கூப்பிடுவாங்கன்னு."

இத்தனை வருஷத்தில் என் விழா ஒருமுறைகூட நேரத்துக்கு முடியாமல் போனதில்லை என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள், நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.