ரத்தத்தில் ஏறாத உப்பு

என் அப்பா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். சீவலப்பேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "சமையக்கார அண்ணாச்சி வீடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். மறுவீட்டுச் சொதியில் அவருக்குத் தனிப் பெயர். கல்யாணம் முடிந்தபின் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்தில், தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கிற குழம்பு அது. கல்யாணச் சாப்பாட்டில் குறை இருந்தால்கூட விட்டுவிடுவார்கள். சொதியில் குறை இருந்தால் அந்தப் பெண் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள்.

நாங்குநேரியில் ஒரு மறுவீட்டில்தான் முதலில் தெரிந்தது. கொதி அடங்கியபின் கடைசியாகக் கெட்டிப்பால் ஊற்ற வேண்டும். ஊற்றப் போன அப்பாவின் இடது கை வெடுக்கென்று இழுத்து, பால் பாத்திரம் தரையில் போய் விழுந்தது. திரும்பத் தேங்காய் துருவி, பால் பிழிந்து, பந்தி தாமதமாகி, ஒருவழியாக இலை போட்டால் சொதி உப்புக் கரித்தது. கூட வேலை செய்கிறவர் அப்பாவை வேனில் கொண்டுவந்து விட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி உப்ப ரெண்டு வாட்டி போட்டுட்டாவ, தாயி. மொத வாட்டி போட்டது அவியளுக்கு ஞாபகமே இல்ல. கேட்டா என்னைய ஏசுதாவ."

ஊர் வாய் சும்மா இருக்குமா? அண்ணாச்சி குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. வெற்றிலையைத் தவிர வேறு எதையும் தொடாத மனுஷன். என் தாய்மாமா எங்கள் வீட்டுக்கே வந்து, நலம் விசாரிக்கிற சாக்கில் அப்பாவின் முகத்தருகே குனிந்து முகர்ந்து பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் மாமாவுக்கு ஆற்றி வைத்திருந்த காபியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சோடியம் குறைந்திருக்கிறது என்றார். ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையால்கூட அப்படி ஆகுமாம், அதனால் தள்ளாட்டமும் மறதியும் வருமாம். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, பாட்டில் ஏற்றி அனுப்பினார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அப்பாவும் கொஞ்சம் தெளிந்தார். அப்பாடா என்று நான் கங்கைகொண்டானுக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போய்விட்டேன்.

அம்மாவால் அப்படி இருக்க முடியவில்லை. ரத்தக்கொதிப்பு என்று தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்கு அரை உப்பில் தனியாகச் சமைத்தவள் அவள். ஊருக்கெல்லாம் ருசியாகப் பொங்கிப் போடுகிறவர் வீட்டில் வந்து சப்பென்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். "நான் வச்ச பத்தியந்தான் அவியள இப்படி ஆக்கிட்டு," என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். சாப்பாட்டில் உப்பு குறைந்ததால்தான் ரத்தத்தில் குறைந்துவிட்டது என்று அவள் நம்பிவிட்டாள். மாத்திரைதான் காரணம் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே என்றேன். தலையை ஆட்டினாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்பாவின் தெளிவு நிலைக்கவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு எந்த ஊர்ல வேல?" என்பார். இல்லை என்று சொன்னால் சரி என்பார். திரும்பச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். தூக்கம் போயிற்று. கொல்லையில் ஆட்கள் நிற்பதாகச் சொன்னார். "ஏட்டி, அங்கன பாரு, வாழைக்குப் பின்னால ரெண்டு பேரு நிக்கானுவ," என்று பட்டப்பகலில் காட்டுவார். அங்கே வாழை மட்டும்தான் நிற்கும். நான் போய் வாழைகளுக்கு நடுவில் நின்று காட்டினேன். "ஒன்னையும் சேத்து மூணு பேரு," என்றார். சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

அப்புறம்தான் சாப்பாடு. ஒருநாள் மோரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"ஏட்டி, இதக் குடிச்சுப் பாரு. ஒங்கம்மை என்னத்தயோ கலக்குதா."

நான் வாங்குவதற்குள் அம்மா பாய்ந்து வந்து தம்ளரைப் பிடுங்கி மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தாள். "இந்தா, நானே குடிச்சிட்டேன். செத்தா போயிட்டேன்?" என்று காலித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். அப்பா தம்ளரைப் பார்க்காமல் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடவே பயந்தார். டீக்கடையில் பன் வாங்கித் தின்றார். அம்மா தட்டோடு பக்கத்தில் போனபோது ஒருநாள் பிடித்துத் தள்ளிவிட்டார். ஆட்டுரலில் மோதி அம்மாவின் முழங்கை கிழிந்தது.

மாமா இந்த முறை காபிக்குக் காத்திருக்கவில்லை. "அத்தானுக்குப் புத்தி பிசகிட்டு. நான் ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன். கொண்டுபோய் விட்டுட்டா அவங்க பாத்துக்கிடுவாவ. வீட்டுல பொம்பளையள வச்சுக்கிட்டு இத எப்படி மாமா விட முடியும்?" என்று தன்னைத் தானே மாமா என்று சொல்லிக்கொண்டு பேசினார். என்ன இடம் என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். அங்கே கொண்டுபோய் விட்டால் எங்கள் அப்பா பைத்தியம் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆகிறது என்று யாருமே பார்க்க மாட்டார்கள் என்று தோன்றியது. அதுதான் என் பயம். வாசல் கேட் சத்தம் கேட்டாலே மாமா வண்டியோடு வந்துவிட்டாரோ என்று திடுக்கிடுவேன்.

ஜங்ஷன் பக்கம் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா அவரிடம் ரகசியக் குரலில், "எம் பொண்டாட்டி சாப்பாட்டுல கலக்குதா, சார்," என்றார். மருத்துவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். மாத்திரை எழுதிக் கொடுத்து, குறையவில்லை என்றால் தாமதிக்காமல் வரச் சொன்னார். மாத்திரையில் அப்பா மந்தமாக உட்கார்ந்திருந்தார், அம்மா கொடுத்ததை மறுக்காமல் சாப்பிட்டார். ஆனால் நாங்குநேரியில் தொடங்கிய அந்தக் கை இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

கம்பெனியில் என் வேலை, பெல்ட்டில் ஓடிவரும் பாகங்களில் பழுதானதைப் பொறுக்கி ஒதுக்குவது. ஒன்று பிசகி வந்தால் கண் தானாக அங்கே போய் நின்றுவிடும். அப்பா எதிரே உட்கார்ந்திருந்தபோது அப்படித்தான் நின்றது. இடது கை இழுக்கும் அதே நொடியில் இடது பக்க வாயும் கோணுகிறது. கண் சிமிட்டும் நேரம்தான். போய்விடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி, அதே கை, அதே வாய். பயத்தில் நடுங்குகிறவருக்கு இவ்வளவு ஒழுங்காக ஒரே பக்கம் இழுக்குமா? போனில் படம் பிடித்தேன்.

மனநல மருத்துவர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். "இதுவரைக்கும் ஒண்ணுமே இல்லாத ஒருத்தருக்கு இந்த வயசுல திடீர்னு இப்படி ஆனா, மூளையில வேற ஏதாவது இருக்கான்னு பாத்தே ஆகணும்மா. இது வலிப்பு மாதிரி தெரியுது. இன்னைக்கே போங்க," என்று நரம்பியல் டாக்டருக்கு அவரே போன் செய்தார்.

நரம்பியல் டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். அப்பாவைப் படுக்கையில் சேர்த்தார். ஸ்கேன், தலையில் வயர் ஒட்டி எடுக்கும் பரிசோதனை, மறுபடி ரத்தம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்தார்.

"சோடியம் இன்னமும் கொறைவாத்தான் இருக்கு. அந்தப் பழைய மாத்திரைய நிறுத்திப் பல வாரம் ஆச்சே. சாப்பாட்டுல உப்பு எப்படி?"

"அரை உப்புதான், மேடம்," என்றேன்.

பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அரை உப்பு இல்ல."

நான் திரும்பினேன்.

"கை நெறைய போட்டேன். மோர்ல, கஞ்சில, குடிக்க வெந்நி கேட்டா அதுல கூட. அவியளுக்குத் தெரியாம. இவளுக்குந் தெரியாம. அவிய கலக்குதான்னு சொன்னது பொய் இல்லம்மா. நாந்தான் கலந்தேன்." அம்மா அழவில்லை. எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்ததுபோல வேகமாகச் சொன்னாள். "சொன்னா விஷம் வச்சவன்னு ஆயிரும்லா? அதான் சொல்லல."

ஒரு கொப்பரை நிறையக் கொதிக்கும் குழம்பில் ஒரு சிட்டிகை உப்பு கூடினால் ஆவி வாசத்திலேயே கண்டுபிடிக்கிற மனுஷனிடம் போயா இந்தக் கைவரிசை? அவர் மூளை பிசகியிருந்தது நிஜம். நாக்கு பிசகவில்லை. அவர் உண்மையைச் சொன்னார். அது நோய் என்று எழுதப்பட்டது. நானும் அப்படித்தான் நம்பினேன். மோரை அம்மா ஏன் பிடுங்கிக் குடித்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவள் மேல் ஆத்திரமாகவும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு போட்டும் ஏறலையா? அப்ப இது சாப்பாட்டு விஷயமே இல்ல," என்றார். மூளையில் ஏற்பட்ட அழற்சியால் உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது என்று விளக்கினார். "நீங்க பத்தியம் வச்சதால வரல. நீங்க உப்பு போட்டதாலயும் வரல. கிருமியோட சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தப்பா இவரோட மூளையவே தாக்குதுன்னு சந்தேகப்படறேன். மறதி, சந்தேகம், ஆள் நிக்கிற மாதிரி தெரியறது, இந்தக் கை இழுப்பு, சோடியம், எல்லாம் சேர்ந்து அங்கதான் கொண்டுபோகுது. முதுகுத்தண்டு நீரும் ரத்தமும் சென்னைக்கு அனுப்பணும். கிருமித் தொற்று இல்லன்னு தெரிஞ்சா முடிவுக்குக் காத்திருக்காம மருந்து ஆரம்பிச்சிடலாம்."

அம்மா முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டாள். "பத்தியத்தால இல்லியாம், கேட்டியா?" என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஸ்டீராய்டு மருந்து சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. சென்னை முடிவுக்காகக் காத்திருந்தபோது ஏதேதோ தோன்றியது. முடிவு வேறு மாதிரி வந்தால்? டாக்டர் கைவிரித்துவிட்டால்? மாமா ஆஸ்பத்திரிக்கே வந்து, "இன்னுமா இங்கன போட்டு வச்சிருக்கிய?" என்று நின்றார். "மாமா, நீங்க பைய வீட்டுக்குப் போங்க. அப்பா எங்கயும் வரல," என்றேன். பைய, அதாவது மெதுவாக, என்றுதான் சொன்னேன். குரல் வராந்தாவின் அந்தக் கடைசிவரைக்கும் கேட்டிருக்கும்.

நான் அப்பாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுப்பு குறைகிறது என்று முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு காலைப்பொழுது முழுக்க அந்தக் கை போர்வையின் மேல் சும்மா கிடந்தது. சென்னையிலிருந்து முடிவு வந்தபோது டாக்டர் சிரித்தபடியே அறைக்குள் வந்தார். அவர் சந்தேகப்பட்டதுதான். மருத்துவம் உள்ள நோய். ஒரு நோயின் பெயரைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுதவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

அப்பா திரும்ப வந்தார். முழுசாக வந்தார் என்று சொல்ல மாட்டேன். மருந்தில் முகம் உப்பியிருந்தது. வேலைக்குப் போகிறார், ஆனால் உப்பு போட்டதும் கூட இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். அந்த நோய்க் காலம் அவர் நினைவில் சுத்தமாக இல்லை. வாழைக்குப் பின்னால் நின்றவர்களும் இல்லை, மோரும் இல்லை. மறுபடி வரலாம், கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அப்பா ஈயை விரட்டக் கையை வீசினாலும் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். அது அவருக்குத் தெரிகிறது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோறு பரிமாறிவிட்டு அம்மா ரசம் எடுக்க உள்ளே போனாள். அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏட்டி, அவ முழங்கையில தழும்பு கெடக்கு. நான் அடிச்சனா?"

"இல்லப்பா. வழுக்கி விழுந்தா."

"நீ சொன்னா சரிதான். எனக்கு எங்க ஞாபகம் இருக்கு," என்றார். தன்னைப் பற்றியே அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவருடைய குரல் அது.

அம்மா ரசச் சட்டியோடு அடுக்களை வாசற்படியில் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள்.

"அடிக்கல. பிடிச்சுத் தள்ளுனிய. ஆட்டுரல்ல போய் விழுந்தேன். சாப்பாட்டுல கலக்குதேன்னு சொன்னிய. நான் கலக்கத்தான் செஞ்சேன். ஒங்களுக்கு நல்லாவட்டும்னு உப்ப அள்ளி அள்ளிப் போட்டேன். ஒங்ககிட்ட சொல்லல. இனி இந்த வீட்டுல ஒண்ணையும் மறைக்காண்டாம்."

உப்பு விஷயத்தை அதுவரை அவரிடம் நாங்கள் சொன்னதே இல்லை. அந்தப் பழைய பார்வை திரும்பிவிடுமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இடது கையைப் பார்த்தேன். வாய்க்கோடியைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அம்மாவின் முழங்கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தட்டை அவள் பக்கமாக நகர்த்தி, "ரசம் ஊத்து," என்றார்.