மூன்று ராஜாக்களும் ஒரு குருசாமியும்

கோபம் எனக்குக் கூடவே பிறந்தது. அதை வைத்துக்கொண்டு பிள்ளை பார்க்கிற வேலைக்கு வந்தேன் என்றால் என் துணிச்சலைப் பாருங்கள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் அத்தை. சதுர்த்திக்கு ஒரு வீட்டுக் கொழுக்கட்டை, ரம்ஜானுக்கு இன்னொரு வீட்டுப் பிரியாணி, டிசம்பரில் நான் வைக்கும் குடிலும் கேக்கும். எங்கள் வீட்டில் எல்லாச் சாமிக்கும் வயிற்று வழியாகத்தான் கும்பிடு.

போன கார்த்திகையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியோடு வந்து நின்றான். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் சொல்ல வேண்டும். திட்டவும் கூடாது. முதல் நாளே அவனுக்கு இது பிடிபட்டுவிட்டது. ஜன்னலில் தொற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, “கீழ இறங்குங்க சாமி” என்றேன். அவன் மாலையைக் கழற்றுவதற்குள் என் கோபத்தில் பாதி குறைந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

சிக்கல் டிசம்பரில் வந்தது. எங்கள் கிறிஸ்துமஸ் நாடகத்தில் குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் அவனும் ஒருவன். அது தெரிந்து அவன் அப்பா வந்தார். சின்ன வயதிலிருந்தே மலைக்குப் போகிறவர், அவர்கள் தெருவுக்கே அவர்தான் குருசாமி. வாசலோடு நின்று, விரதத்தில் குறை வந்துவிடக் கூடாது, மாலை கழற்றும்வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்றார். அப்புறம் அவன் அம்மா எப்படி வேலைக்குப் போவாள்? உள்ளே அவனோ மத்தியானத் தூக்கத்திலும் அட்டைக் கிரீடத்தைக் கட்டிப்பிடித்திருந்தான். எனக்குச் சுருக்கென்றது. அவன் மாலை போட்ட நாளிலிருந்து என் அடுப்பில் முட்டைகூட ஏறவில்லை, கேக்கும் முட்டையில்லாமல்தான் என்று படபடவென்று பொரிந்தேன். அவர் நாடகத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லிப் போனார்.

நாடகத்தன்று குடிலில் கரிசல் மண்ணைப் பரப்பி நான் தூவிய கம்பு பச்சைப்பசேல் என்று முளைத்து நின்றது. பெற்றவர்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்க, அவன் அப்பா மட்டும் வாசலிலேயே நின்றார். ராஜாக்கள் வந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தது, காணிக்கைப் பெட்டியைக் கையில் ஏந்தி வர வேண்டும் என்று. அவர்களோ கடலை மிட்டாயைத் துண்டில் முடிந்து, இருமுடி மாதிரி தலையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு வந்தார்கள். தூரமாக நடந்து சாமி பார்க்கப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள் என்று மற்ற இருவருக்கும் எங்கள் சாமி பாடம் நடத்தியிருக்கிறான். கூட்டம் சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

குடில் முன்னால் வந்ததும் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இறக்கி வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை.

“நாமளா இறக்கக் கூடாது அத்தை. குருசாமிதான் இறக்கணும்” என்றான் எங்கள் சாமி.

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் இப்படியே திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது?

அவர் உள்ளே வந்தார். முதலில் பள்ளிவாசல் தெருப் பெண்பிள்ளையின் மூட்டை, அப்புறம் அடுத்த பையனுடையது, கடைசியாக மகனுடையது. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் இறக்கி, வைக்கோலில் கிடந்த குழந்தைப் பொம்மையின் காலடியில் வைத்தார். பிறகு மகனிடம் குனிந்தார்.

“ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கீய சாமி. உக்காருங்க.”

போகும்போது, திங்கட்கிழமை வழக்கம்போல் கொண்டுவந்து விடுவதாக என்னிடம் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், கேக்கில் கையை விட்டிருந்த, மாலை போடாத இன்னொரு ராஜாவை நன்றாகத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். “சாமி” என்றுதான் வந்தது.