முடூலா ஏன் பதில் சொல்லவில்லை

ஜிஞ்சா நகரத்துக்கு வடக்கே, நைல் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் முடூலாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள். பயணிகளை ரப்பர் படகில் ஏற்றி ஆற்றில் விடும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷமாகக் காவல் கயாக்காரன். ஆறு பாறைகளுக்கு நடுவே சரிந்து கொந்தளிக்கும் இடங்களைப் பாய்ச்சல் என்போம். பாய்ச்சலில் படகு கவிழ்ந்து எட்டுப் பேரும் எட்டுத் திசையில் அடித்துச் செல்லப்படும்போது, ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் தன் சின்னக் கயாக் படகில் விரைந்து போய் ஒவ்வொருவராகப் பொறுக்கிவருவது அவன் வேலை. சின்ன வயதில் காலித் தண்ணீர்க் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதே பாய்ச்சல்களில் குதித்து, வேடிக்கை பார்க்கிறவர்களிடம் சில்லறை வாங்கியவன். ஆற்றின் ஒவ்வொரு சுழியும் அவனுக்கு வீட்டு முற்றம் மாதிரி.

அப்படிப்பட்டவனைப் பற்றி இரண்டு வருஷமாக ஊரில் கெட்ட பேர். கர்வம் பிடித்துவிட்டது என்றார்கள்.

எங்கள் சோகா மக்களிடம் ஒருவரைப் பார்த்தால் சும்மா கடந்துபோக முடியாது. ராத்திரி எப்படித் தூங்கினீர்கள், வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, தோட்டம் எப்படி என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். முடூலா பதில் சொல்வதை நிறுத்திவிட்டான். சிலரிடம் சொல்வான், சிலரிடம் மாட்டான். சந்தையில் ஒருநாள் அவனுடைய மாமனார் பக்கவாட்டில் நின்று மூன்று தடவை நலம் விசாரித்தார். முடூலா வாழைத்தாரைத் தோளில் மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான். கிழவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: “அவன் வீட்டு வாசல்ல இனி என் செருப்பு கெடக்காது.”

நானும் நம்பினேன். என் பெயர் கீசா. அதே கம்பெனியில் பயணிகளைக் கயாக்கில் இருந்தபடி வீடியோ எடுப்பவன். “அண்ணே, நாளைக்கு எத்தன படகு?” என்று கேட்டால், “ஆமா, நல்ல மழைதான்” என்று பதில் வரும். என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து ஒரு மாசம் பேசாமல்கூட இருந்தேன்.

அந்த மே மாதம் மழை விடாமல் பெய்தது. பயணிகள் வரத்து நின்றுபோயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனிக் கொட்டகையில் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது ஆள் நங்கோபி. ஆற்றங்கரையில் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டி விற்றுக்கொண்டிருந்தவள், ஆறு வருஷத்துக்கு முன் கரண்டியைப் போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தாள். இப்போது எங்களில் சுத்தமாகக் கயாக் ஓட்டுவது அவள்தான். வாய் மட்டும் கடைக்காரி வாய்.

“எத்தன வருஷமா அடுத்தவன் உசுரக் காப்பாத்தவே ஆத்துல எறங்கறோம்?” என்றாள். “ஒரு நாளாவது நம்ம சந்தோஷத்துக்கு எறங்குவோமா? யாரும் கவுர வேணாம், யாரையும் தூக்க வேணாம்.”

“சம்பளம் யாரு குடுப்பா?” என்றேன்.

“நீ ஓட்டுற லட்சணத்துக்கு நீதான் ஆத்துக்குக் குடுக்கணும்.”

முடூலா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நங்கோபி துடுப்பைத் தூக்கிக் காட்டியதும் முகம் மலர்ந்து எழுந்தான்.

காலை பத்து மணிக்கு இறங்கினோம். அப்படி ஒரு காலைப்பொழுதை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அனுபவித்ததே இல்லை. தண்ணீர் நிறைந்து, அலைகள் ஆள் உயரத்துக்கு எழும்பின. முதல் பாய்ச்சலில் நான் தலைகீழாகக் கவிழ்ந்து, நிமிர்ந்து, மறுபடி கவிழ்ந்தேன். நங்கோபி சிரித்த சிரிப்பில் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முடூலா பெரிய அலை ஒன்றின் முகத்தில் ஏறி நின்று, கயாக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி விளையாடினான். வேலை நாட்களில் அவன் கண் பயணிகளின் தலைகளை விட்டு நகராது, எண்ணிக்கொண்டே இருப்பான். அன்றைக்குத்தான் அவன் தண்ணீரை மட்டும் பார்த்தான்.

மதியத்துக்குச் சற்று முன் ஆறு இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தோம். வலது கிளை அகலம், சாது. இடது கிளை ஒடுக்கம், செங்குத்து. ஆனால் வேடிக்கை அதில்தான். முதலில் நான் போய் வீடியோ எடுப்பது, அடுத்து நங்கோபி, கடைசியில் முடூலா என்று முடிவு. எங்களுக்குள் விசில் கணக்கு ஒன்று உண்டு. நீளமாக ஒரு விசில் என்றால், இருக்கிற இடத்தில் நில். ஆற்றின் இரைச்சலில் பேச்சு எடுபடாது, விசில் எடுபடும்.

இடது கிளையில் பாதி இறங்கியதும் அதைப் பார்த்தேன். மழையில் வேரோடு சாய்ந்த பெரிய அத்திமரம் ஒன்று, கீழே ஆற்றின் முக்கால் அகலத்துக்குக் குறுக்கே கிடந்தது. போன வாரம் அது இல்லை. இந்தத் தொழிலில் பாறையைவிட மரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். பாறை தண்ணீரை ஒதுக்கிவிடும். ஆளும் தண்ணீரோடு ஒதுங்கிவிடலாம். மரம் தண்ணீரை மட்டும் கீழே விட்டுவிட்டு ஆளைக் கிளைகளுக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். நான் ஒரு பாறையின் மறைவில் நீர் தேங்கி நின்ற இடத்துக்குள் கயாக்கைத் திருப்பி, நெஞ்சு வலிக்க விசில் ஊதினேன்.

மேலே இருந்த இருவராலும் என்னைப் பார்க்க முடியாது, பாறை மறைத்தது. நங்கோபிக்கு விசில் கேட்டது. உடனே கரையோரம் ஒதுங்கினாள். முடூலா ஒதுங்கவில்லை. அவள் நின்றதைப் பார்த்து, தனக்கு வழி விடுகிறாள் என்று நினைத்துக் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு அவளைக் கடந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அவளும் ஊதினாள். ஊதினாள், ஊதினாள். அவன் திரும்பவே இல்லை.

என் பாறையைத் தாண்டி அவன் போன வேகத்தில் முகம் மட்டும்தான் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த கணம் மரத்தைப் பார்த்திருக்க வேண்டும். துடுப்பு இரண்டு முறை பாய்ந்து எழுந்தது. பிறகு ஓர் அலை எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது.

அலை இறங்கியபோது அவன் இல்லை. சற்று நேரத்தில் மரத்துக்கு அந்தப் பக்கம் அவனுடைய மஞ்சள் கயாக் கவிழ்ந்தபடி வெளியே வந்தது. காலி. நான் ஹெல்மெட்டைத் தேடினேன், கையைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. அவனோடு பேசாமல் இருந்த அந்த ஒரு மாசம்தான் நினைவுக்கு வந்தது.

“மரத்துல! கீசா, மரத்து மேல பாரு!”

கரையோரமாகப் பாறைக்குப் பாறை தாவி வந்துகொண்டிருந்த நங்கோபி கத்தினாள். அத்தி இலைகளுக்கு நடுவே சிவப்பாக ஏதோ அசைந்தது. முடூலாவின் மிதவைச் சட்டை. மரம் மோதுகிற கணத்தில் விலகப் பார்க்காமல், மரத்தின் மேலேயே நெஞ்சைத் தூக்கிப் போட்டு, காலை உதறிக் கயாக்கை விட்டுவிட்டிருக்கிறான். அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். உயிரோடு!

ஆனால் மரம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆறு அதை அசைத்து அசைத்துப் பார்த்தது. கயாக்கைப் பாறையில் ஏற்றிவிட்டு நானும் கரைக்கு ஓடினேன். நங்கோபி இடுப்புக் கயிற்றை அவிழ்த்து எறியத் தயாராக நின்றாள்.

“இடப்பக்கம் போகாத! அந்தக் கிளை அழுகிக் கெடக்கு! வலப்பக்கம் வா!”

முடூலா அவளைப் பார்த்தான். நன்றாகக் கேட்டவன் போலத் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இடப்பக்கம் நகர்ந்தான். கிளை மளுக்கென்று சத்தமிட்டது.

“யோவ், வலப்பக்கம்யா!”

மறுபடியும் அதே தலையாட்டல்.

நங்கோபி கத்துவதை நிறுத்தினாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினாள். ஒரு விரலால் அழுகிய கிளையைக் காட்டி, தலைக்கு மேல் கைகளைப் பெருக்கல் குறிபோல் மடக்கினாள். பிறகு வலது பக்கத்தைக் காட்டி, மெதுவாக, உள்ளங்கையால் அழைத்தாள். முடூலா உடனே நின்றான். சுவர்ப்பல்லி போல அங்குலம் அங்குலமாக வலப்பக்கம் நகர்ந்தான். அவள் எறிந்த கயிறு அவன் மார்பின் மேலேயே விழுந்தது. பிடித்துக்கொண்டு குதித்தான். தண்ணீர் அவனை ஒரு முறை விழுங்கித் துப்பியது. நாங்கள் இருவரும் குதிகாலைப் பாறையிடுக்கில் ஊன்றி இழுத்தோம். எத்தனையோ பேரைத் தூக்கிப் போட்ட கரையில் அவனைத் தூக்கிப் போட்டோம்.

அவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நங்கோபி அவன் ஹெல்மெட் மேல் ஓங்கி ஒரு அறை விட்டாள். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டாள்.

“காது கேக்கலையா உனக்கு?”

“கேக்கல,” என்றான் முடூலா.

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அழுகை மாதிரித் தொடங்கிய சிரிப்பு.

“ரெண்டு வருஷமாச்சு. வலது காது சுத்தமாப் போச்சு. இடது காதுல பக்கத்துல பேசினா கொஞ்சம் விழும். எங்கப்பாவுக்கும் நாப்பது வயசுலதான் போச்சு. ஊரே அவரச் செவிட்டுக் கொக்குன்னு கூப்டுச்சு. வேல போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. பொழச்சா மொதல்ல உங்ககிட்டச் சொல்லிடணும்னு அந்த மரத்து மேல கெடக்கறப்ப நெனச்சேன். அப்பாடா, சொல்லிட்டேன்.”

“டாக்டர்கிட்டப் போனியா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? அவரும் அதையே சொல்லிட்டா அது நெசமாயிடுமே.”

நங்கோபிக்குக் கோபம் முழுதாக ஆறவில்லை. “அண்ணே, படகுல ஏறுறவன் உன்ன நம்பி ஏறுறான். நாளைக்கு மானேஜர்கிட்ட நீயே போய்ச் சொல்லணும். நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்.”

“அதான் என் பயமே. என் சாவு இல்ல, அவங்க சாவு. கண்ண வெச்சே சமாளிச்சேன்,” என்றான். “சொல்லிடறேன். நானே சொல்லிடறேன்.”

சொன்னான். மானேஜர் அரை நிமிஷம் அவனை முறைத்துப் பார்த்துவிட்டு, காது சரியாகும்வரை ஆற்றில் இறங்கக் கூடாது, கொட்டகையில் கிழிந்த படகுகளை ஒட்டுகிற வேலையைப் பார் என்றார். அந்த வாரமே நானும் நங்கோபியும் அவனை ஜிஞ்சாவில் ஒரு காது டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். நங்கோபி முன்னால், நான் பின்னால். நடுவில் அவன் ஓடிப்போக வழியில்லாமல்.

டாக்டரம்மா விளக்கை அடித்து இரண்டு காதுகளையும் பார்த்தார். வலது காதுக்கு மூன்று நாள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மறுபடி வரச் சொன்னார். நான்காம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சி அரை மணி நேரம் கழுவினார். கிண்ணத்தில் வந்து விழுந்ததைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மொச்சைக்கொட்டை அளவு கறுப்புக் கட்டி. காதழுக்கு, ஆற்று மணல், என்றைக்கோ எண்ணெயில் நனைத்து வைத்து மறந்துபோன பஞ்சு, எல்லாம் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது.

முடூலா திடுக்கிட்டு மேலே பார்த்தான். “இந்த ஃபேன் இப்பிடியா கத்தும்?”

இடது காதில் நிஜமாகவே பழுது. செவிப்பறையில் சிறு ஓட்டை. இரண்டு மாசம் தண்ணீர் படக் கூடாது, தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு, மூடினாலும் பழைய கூர்மை வராது, அப்புறம் ஆற்றில் இறங்கினால் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

“எங்கப்பாவுக்கும் இதேதானா டாக்டர்?”

“தெரியாதுப்பா. அவருக்கு யாராவது காதக் கழுவிப் பாத்தாங்களா?”

யாரும் பார்க்கவில்லை. அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஊர் திரும்பும் வழியில், வேன் ஜிஞ்சாவைத் தாண்டியதும் முடூலா ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டு, வலது காதை வெளியே நீட்டிக்கொண்டான்.

அடுத்த நாள் அவன் செய்த முதல் காரியம், இரண்டு கிலோ சர்க்கரையும் ஒரு சேவலும் எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனது. துணைக்கு என்னையும் இழுத்துப் போனான். கிழவர் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முடூலா எட்ட நின்றே ஆரம்பித்தான்: ராத்திரி எப்படித் தூங்கினீங்க மாமா, உடம்பு எப்படி, வீட்டுல எப்படி, ஆடு எப்படி, காபிச்செடி எப்படி. சந்தையில் விட்டுப்போன மூன்று விசாரிப்புக்கும் சேர்த்துக் கேட்டான். பிறகு காது கதையையும் சொன்னான்.

கிழவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “முட்டாப்பயலே. கர்வம் புடிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். செவிடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பக்கத்துல வந்து கத்தியிருப்பேனே.”

“நீங்க கத்தினா ஊருக்கே தெரிஞ்சிருக்கும் மாமா.”

கிழவர் பொக்கை வாயோடு சிரித்து, சேவலை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் முடூலா வீட்டில் சாப்பிட்டோம். அவித்த வாழைக்காய், வேர்க்கடலைக் குழம்பு, வறுத்த ஆற்றுமீன். மாமனாரும் வந்திருந்தார், செருப்பு வாசலில் கிடந்தது. முடூலாவின் மனைவி நைசங்கா பரிமாறினாள். இரண்டு வருஷமாக விஷயம் அவளுக்குத் தெரியும். புருஷன் கேட்டுக்கொண்டதால் வாயைத் திறக்கவில்லை. குழம்பை ஊற்றியபடி, “இன்னும் கொஞ்சம் ஊத்தவா?” என்று அவள் கேட்டதில் என் கையிலிருந்த மீன் எகிறியது.

“மெதுவாப் பேசு, எனக்குக் காது கேக்குது,” என்றான் முடூலா.

“வர மாட்டேங்குதே! கத்திக் கத்தியே பழகிடுச்சு!” என்று அதே குரலில் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு அம்மா வேலியோரமாக வந்து எட்டிப் பார்த்தாள். முறைப்படி எல்லோரையும் நலம் விசாரித்தாள். முடூலாதான் முதலில் பதில் சொன்னான். அவள் கொஞ்சம் தயங்கி, நைசங்காவை அருகே அழைத்துத் தணிந்த குரலில் கேட்டாள்:

“மூணு நாளா உங்க வீட்டுல சண்டைச் சத்தமே பாதியாக் கொறஞ்சுபோச்சே. ஒண்ணும் பிரச்சன இல்லையே?”

“இல்லம்மா, எல்லாம் சரியாயிடுச்சு,” என்று உள்ளேயிருந்து முடூலா பதில் சொன்னான்.