பத்தரை மணிச் சோறு

முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் வாளியில் இறக்கிப் பார்க்கிறார் செல்லசாமி. அடியில் படுத்தால் அடுப்புக்குப் போகும். மிதந்தால் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மாலை பஸ்ஸில் மஸ்கெலியாவுக்கு இறங்கி, சரிபுதீன் நானாவின் கடை மேசையில் வைப்பார். "நானா, இத உங்க புள்ளைக்குக் குடுப்பீங்களா?" அவ்வளவுதான் கேட்பார். சரிபுதீன் மறுபேச்சில்லாமல் வேறு முட்டை எடுத்துத் தருவார்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சமைப்பவர் இவர். வயது அறுபதை நெருங்குகிறது. இருபத்திரண்டு வருடம் தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். பங்களாவை ஹோட்டல் ஆக்கியபோது இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையோடு வந்த பழக்கம் மட்டும் போகவில்லை. இடது கையில் மடித்த வெள்ளைத் துவாய். முதலாம் வகுப்புக் குழந்தையின் தட்டு விளிம்பில் பருப்பு சிந்தினாலும் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவார். வல்லாரையைப் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள் என்று கண்டதும், தேங்காய்ப்பூவோடு பொடியாக அரிந்து, "தொர வீட்டு சம்பல்" என்று பெயர் வைத்தார். இப்போது மறுபடி கேட்டு வாங்குகிறார்கள்.

இவர் முன்னால் 'இலவசச் சோறு' என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. "எலவசமா? இதுங்க அம்மா மழையில நின்னு கொழுந்து பறிக்கிறா. யாரு யாருக்கு எலவசமாக் குடுக்கிறது?" என்று பிடித்துக்கொள்வார். சொன்னவர் ஆசிரியரானாலும் விடமாட்டார்.

அவர் கோபம் நியாயமானது. தாய்மார் விடியற்காலையிலேயே பெரட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். அங்கே பேர் கொடுக்கப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. பிள்ளைகள் பாலில்லாத வெறும் தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு மலை ஏறி வருகின்றன. பத்தரைக்கு முன்னால் கழித்தல் கணக்கு நடத்தக் கூடாது என்பதை எந்தப் பயிற்சிக் கலாசாலையும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சோறும் முட்டையும் உள்ளே போன பிறகு அதே பிள்ளைகள் நான் கேட்குமுன் விடை சொல்கின்றன.

பங்களாவைப் பற்றிப் பேச்சு வந்தால் செல்லசாமி ஒரு கதைதான் சொல்வார். துரை சாப்பிடாமல் அங்கே குசினியில் யாரும் வாய் நனைக்கக் கூடாது. "ஒரு நாளு நாலு மணி வரைக்கும் பசியோட நின்னேன் சேர். தொர வந்தாரு. வெளிய சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டாரு."

போன மாதம் எங்கள் பாடசாலைக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். உணவுத் திட்டத்தை ஆரம்பித்து வைக்கவாம். திட்டம் தொடங்கி இரண்டு வருடமாகிறது! அவர் கையால் முதல் சோறு போட்ட பிறகுதான் பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்று பாடசாலை அதிபர் உத்தரவு போட்டார். ஒன்பது மணிக்கே மாலைகளோடு வாசலில் வரிசை. அந்த வரிசையை நேராக்கியவன் நான்தான். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பத்தரை ஆனது. வட்டவளை தாண்டிவிட்டார்கள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். பதினொன்று ஆனது. ஹட்டனில் தேநீர் அருந்துகிறார்களாம். எட்டிப் பார்க்கும் தூரத்தில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பதினொன்றே காலுக்கு இரண்டாம் வகுப்பு லோஜினி மாலையோடு சரிந்து விழுந்தாள். வாந்தி எடுத்தாள். வந்தது காலையில் குடித்த சாயத்தண்ணி மட்டுமே. "தண்ணி தெளிச்சு ஓரமா ஒக்கார வைங்க, வரிசை கலையக் கூடாது" என்றார் அதிபர். நானும் தண்ணீர் எடுக்கத்தான் போனேன்.

குசினியிலிருந்து வந்த செல்லசாமி யாரையும் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நேரே போய் மணியை அடித்தார்.

"வாங்க புள்ளைகளா, சாப்பிடுங்க."

வரிசை ஒரே ஓட்டமாக ஓடியது. அதிபர் பின்னால் ஓடினார்.

"யாரக் கேட்டு மணி அடிச்சீங்க? அடுத்த தவணைக்கு வேற ஆளப் பாத்துக்குவேன்!"

"பாருங்க சேர். இன்னைக்குச் சமைச்சது நானு."

அவருக்கு இதை விட்டால் வேறு வேலை கிடையாது. அதிபருக்கும் அது தெரியும். அடுத்த தவணைக்குப் பாடசாலை திறக்கும்போது யார் சமைப்பது என்பது இதை எழுதும்வரை முடிவாகவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு வாகனம் வந்தது. அதிகாரியும் படம் பிடிப்பவரும் இறங்கியபோது எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவை சாப்பிட்டாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் மறுசோற்றுக்கு நின்றார்கள். கடைசியில் லோஜினி. அதிபர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி மட்டும் எதையும் கவனிக்காமல் சிரித்தபடி பானைக்குப் பக்கத்தில் வந்து நின்று, படப்பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரண்டிக்குக் கையை நீட்டினார். கொடுங்கள், கொடுங்கள் என்று அதிபர் கண்ணைக் காட்டினார்.

செல்லசாமி குனிந்து ஒரு வெறும் தட்டை எடுத்தார். நீட்டிய கையில் அதை வைத்தார். கரண்டியால், லோஜினிக்குப் பின்னால் இருந்த இடத்தைக் காட்டினார்.